பின்னச்சுக்கு வைத்த பொட்டு

எங்கள் பழைய வேனை ஓட்டுவது என் மனைவி. அலங்கரிப்பது நான். தாராவியில் நாங்கள் ஆட்டும் இட்லி மாவை அவள் காலையில் மாட்டுங்கா கடைகளுக்குக் கொண்டுபோவாள். நான் ஆயுத பூஜையன்று வேனுக்கு அடியில் படுத்து என் திறமையைக் காட்டுவேன். மற்றவர்கள் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் சந்தனம் வைத்து நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அது போதாது. பின் சக்கரங்களுக்கு நடுவே குண்டாகத் தொங்கும் டிஃபரன்ஷியலையும் விடமாட்டேன். அது இருக்கும் பின்னச்சின் மேல்பக்கம் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். பொட்டு வைப்பதற்கென்றே செய்தது என்று நினைத்தேன்.

"பின்னாடி ஊங்குனு ஒரு சத்தம் கேக்கு" என்றாள் ஒருநாள்.

"பம்பாய் ரோட்டுல கேக்காத சத்தமா?" என்று சொல்லிவிட்டேன். வேனுக்கு அடியில் எண்ணெய்த் திட்டு கிடந்தபோது அவர் வண்டிதான் ஒழுகியது என்று பக்கத்து ரிக்‌ஷாக்காரரோடு சண்டைக்கும் போனேன்.

பிறகு சயான் அருகே வேன் நறநறவென்று கடித்து நின்றது. வெயில் ஏற ஏற மாவு பொங்கி டப்பா மூடிகளைத் தூக்கியது. பாதிக்குமேல் புளித்துத் திரும்பி வந்தது.

மெக்கானிக் திறந்து பார்த்தார். உள்ளே சொட்டு ஆயில் இல்லை. பற்கள் உதிர்ந்து கிடந்தன. "வேற டிஃபரன்ஷியல் கெடச்சா மாத்தலாம். இல்லன்னா வண்டிய பங்கார்ல, பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான்" என்றார். அவள் ஓட்டப் பழகியதே அந்த வேனில்தான். ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

குர்லாவின் பழைய சாமான் சந்துகளில் அலைந்து, உடைத்துப் போட்ட வேன் ஒன்றிலிருந்து பின்னச்சையே முழுசாகத் தூக்கி வந்தோம். கழற்றிய பழையது தரையில் கிடந்தது. அவள் குனிந்து, அதன் குமிழை ஹேர்பின்னால் சுரண்டினாள். அடுக்கடுக்காகப் பெயர்ந்ததை முகர்ந்து பார்த்தாள்.

"இது நம்ம வீட்டுச் சந்தனம்லா?"

மெக்கானிக் என்னைப் பார்த்தார். "அது காத்து போற துளைண்ணே. அத அடைச்சா, சூட்டுல உள்ள காத்து முட்டி, ஆயில சீல் வழியா வெளிய தள்ளிரும்."

என் பக்தி அத்தனை வருடமும் அந்த வண்டியின் மூச்சை அடைத்திருக்கிறது. தலை நிமிர முடியவில்லை. அவள் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணம் என் கைக்கு வரவேயில்லை. வேனுக்கு எல்லாம் வைத்து முடித்தவள், கடைசியாக என் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள்.

"மூக்க விட்டுட்டேன். நல்லா மூச்சு விடுங்க."