மூடிக்கு அடியில் இருந்த பனி

அந்த ஐஸ்கிரீம் நிறுவனத்தின் வெள்ளிவிழா மலர் என்னிடம் இருக்கிறது. தள்ளுவண்டியில் குச்சி ஐஸ் விற்றது எப்போது, கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலை வந்தது எப்போது, நாடெங்கும் சரக்கு போனது எப்போது என்று மாதவாரியாகச் சொல்லும் மலர், சிறு ஊர்க் கடைகளுக்கு நிறுவனமே ஃப்ரீசர் கொடுத்ததை மட்டும் 'பின்னர்' என்ற ஒரே சொல்லில் தாண்டிவிடுகிறது. அந்தப் 'பின்னர்' எங்கள் வீட்டுக்குள் வந்த ஆண்டை என்னாலும் நிறுவ முடியவில்லை. கோடை விடுமுறை என்பது மட்டும் நிச்சயம்.

அப்பாவின் தங்கையான என் அத்தை அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். கடைகளிலிருந்து திரும்பிவரும் சரக்கைத் திறந்து பார்ப்பது அவள் பொறுப்பு. கரண்ட் மிச்சம் பிடிக்க இரவில் ஃப்ரீசரை அணைத்துவிடும் கடைகளில், ஒருமுறை இளகி மீண்டும் உறைந்த ஐஸ்கிரீம் ஓரம் விட்டு உள்வாங்கியிருக்கும். மூடிக்கு அடியில் பனி ஊசி ஊசியாகப் படர்ந்திருக்கும். அதனால் எந்த மூடியையும் திருப்பிப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. வீட்டு ஊறுகாய் ஜாடிக்கும் அதே சோதனைதான்.

ஷிப்டுக்குப் போகிற பெண் என்று இரண்டு வரன்கள் தட்டிப்போயின. மூன்றாவது ஊத்துக்கோட்டையில் கடை வைத்திருந்தவர். அத்தையின் நிறுவனம் கொடுத்த ஃப்ரீசர் அவர் கடையில் இருந்தது. வேலையை விடச் சொல்ல மாட்டோம் என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். எந்தப் புடவை கட்டுவது என்று அத்தை அம்மாவிடம் இரண்டு தடவை கேட்டாள்.

பெண் பார்க்க வந்தவர்கள் இனிப்புக்குப் பதிலாக, தெர்மகோல் பெட்டியில் பெரிய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கெட்டியாகத்தான் இருந்தது. பரிமாற வந்த அத்தை மூடியைத் திறந்தாள், திருப்பினாள், மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தாள்.

"நைட்ல ஃப்ரீசர ஆஃப் பண்ணிடுவீங்களா?"

மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கீழே வைத்தார்.

"நாங்க இன்னா, பொண்ணு பாக்க வந்தோமா, கடைக்கு செக்கிங் குடுக்க வந்தோமா?"

"கம்பெனில தெனமும் அதயே பாத்துக்கினு இருக்குதும்மா, வாய்ல வந்துட்ச்சி. மனசுல வச்சிக்காதீங்க" என்றார் அப்பா.

"கண்ணாலம் ஆனா எங்க ஊட்டு கரண்ட் பில்லயும் பாக்கும் போல."

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவள் கையை அழுத்தினாள். காபி வருமுன் அவர்கள் எழுந்துவிட்டார்கள். இந்த இடம் வேண்டாம் என்று அந்த வாரமே தரகர் வந்து சொன்னார். "நாக்க கடிச்சிக்கினு இருந்திருக்கக் கூடாதா?" என்று அம்மா பல நாள் புலம்பினாள்.

சிறுமியான எனக்கோ, எல்லாரும் போனபின் அந்த டப்பாவைச் சாக்கடையில் கவிழ்த்ததுதான் துக்கம். குறை சொல்கிறவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அத்தைக்கு அவரைப் பிடிக்கவில்லை. இப்படித்தான் தீர்மானித்தேன். தெருவில் தோழிகளிடம், அத்தை ஒரு திருடனைக் கண்டுபிடித்துவிட்டாள் என்றும் சொல்லி வைத்தேன்.

தொழிற்சாலையில் அத்தை யாரையும் எதுவும் கேட்பதில்லை, கெட்டுப்போனதைப் பேசாமல் ஒதுக்கிவைப்பதோடு சரி என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. அன்று அவள் கேட்ட குரல், அப்பாவைச் சீண்டும்போது மட்டும் வருகிற குரல். ஒரே தொழிலில் இருக்கும் இருவருக்குள் நடக்கவேண்டிய முதல் பேச்சு அது. சபையில் மற்ற எல்லாருக்கும் அது குற்றச்சாட்டாகக் கேட்டது.

அத்தை அதன்பின் யார் முன்னும் வந்து நிற்கச் சம்மதிக்கவில்லை. இப்போது அந்தப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பாளர்.

அத்தை அன்று அப்படிக் கேட்டபோது மாப்பிள்ளை தலையைக் குனிந்து சிரித்தார் என்கிறாள் அம்மா. இல்லை, அவர் தன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்கிறார் அப்பா. அத்தையிடம் கேட்க எனக்குத் துணிவில்லை. நான் டப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தாரா என்பது இதுவரை உறுதியாகவில்லை.