எண்ணெய் இளகும் வரை

“பிள்ளை, நீ படிச்சனி. ஓம், அதை நாங்கள் எல்லாரும் ஒத்துக்கொள்ளுறம். ஆனா வருத்தக்காரி கிடக்கிற அறையிலை ஹீற்றரை எப்ப நிப்பாட்டிறதெண்டு உன்ரை படிப்பிலை சொல்லித் தந்தவையோ?”

அக்காவின் கணவரான அத்தானின் தமையனார், நகரின் இன்னொரு பக்கமான சான்ட்ரிங்ஹாமிலிருந்து வந்து, அக்காவின் அறை வாசலில் மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடி என்னிடம் இதைக் கேட்டார். அப்போது ஆகஸ்ட் மாதம். உலகின் இந்தத் தென்கோடியில் அது குளிர்காலம்; ஒக்லண்டில் குளிர் இன்னும் விடவில்லை. அறையில் ஹீற்றர் எரியவில்லை. நிற்பாட்டியவள் நான். அதன்பின் அக்கா அதிக நாள் இருக்கவில்லை.

செத்தவீட்டுக்கு வந்தவர்களில் சிலர் இதே கேள்வியைத் தங்களுக்குள் கதைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே அக்காவைப் பற்றி எழுதும்போது அதையும் சேர்த்தே எழுதுகிறேன். இந்த நகரத்தில் தமிழ் அச்சகம் கிடையாது. நீங்கள் வாசிக்கும் இந்த நினைவு மலர் என் கையெழுத்தில் உள்ளது. பிரதி எடுத்து, நடுவில் நூலால் தைத்து உங்கள் கையில் தருகிறோம்.

அக்கா கடலோர ஊரான மயிலிட்டியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எங்கள் தகப்பனார், ஐயா, கடல் தொழில் செய்தவர். என்னைப் பெற்ற கையோடு அம்மா தவறிவிட்டார். அன்றிலிருந்து அடுப்பும், இரண்டு அண்ணன்மாரும், நானும் அக்காவின் பொறுப்பு. அது அக்காவுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது. அவர் போகவில்லை. அண்ணன்மாரும் மீசை முளைக்கும் முன்பே வள்ளம் ஏறிவிட்டார்கள்.

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அக்காதான் கூட்டிப் போனார். தலைமையாசிரியர் கையெழுத்துக் கேட்டார். அக்கா பெருவிரலை நீட்டினார். நீட்டிக்கொண்டே, “இண்டைக்கு மட்டும்தான் ஐயா. அடுத்த முறை இவள் வைப்பாள்,” என்றார்.

நான் வைத்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்தவள் நான்தான். பல்கலைக்கழகத்துக்குப் போனவளும் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல அக்கா என்னை விட்டதில்லை. ரெலிபோனில் யாரோடு கதைத்தாலும் சுகம் விசாரித்து முடிவதற்குள் என் படிப்பைக் கொண்டுவந்துவிடுவார். ஆகையால் இங்கேயும் பெருமையாகவே எழுதுகிறேன்.

அத்தான் மோட்டார் மெக்கானிக். விசா கிடைத்து முதலில் அவர் வந்தார், பிறகு அக்காவைக் கூப்பிட்டார். ஐயாவும் தவறியபின், நாட்டில் நிலைமை கெட்டபோது, அக்கா அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி என்னையும் இங்கே எடுப்பித்தார். அண்ணன்மார் இப்போது தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இந்த மலர் அவர்களுக்குத் தபாலில் போகிறது. யாராவது வாசித்துக் காட்டுவார்கள்.

இங்கே மங்கரேயில் எங்கள் வீடு பலகை வீடு. குளிர்காலக் காலைகளில் யன்னல் கண்ணாடியின் உட்பக்கமாகத் தண்ணீர் வழியும். அக்கா சேலைக்கு மேலே அத்தானின் கம்பளிச் சட்டையைப் போட்டு, காலில் அத்தானின் காலுறையையும் மாட்டிக்கொண்டு சமைப்பார். அந்தக் கோலத்தில் யாரும் படம் எடுக்க அவர் சம்மதித்ததில்லை. ஆகவே இந்த மலரில் அப்படி ஒரு படம் இல்லை. ஆனால் எனக்கு நினைவில் வருவது அந்தக் கோலம்தான்.

நான் வருவதற்கு முந்திய கதை ஒன்றை அத்தான் அடிக்கடி சொல்லுவார். அக்காவின் முதல் குளிர்காலம். தெரு முனையில் சமோவா நாட்டு அம்மா ஒருவரின் கடை இருந்தது. தலைக்கு வைக்கத் தேங்காய் எண்ணெய் அங்கேதான் வாங்கினார்கள். ஒரு காலையில் பார்த்தால் போத்தில் முழுக்க வெள்ளையாக இறுகிக் கிடந்தது. எங்கள் கரையில் எண்ணெய் இறுகி அக்கா ஒருநாளும் கண்டதில்லை. போத்திலை எடுத்துக்கொண்டு, அத்தானையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

“கேளுங்கோ அவவை. மெழுகுதிரியை உருக்கி ஊத்தி எங்களை ஏமாத்துறாவோ எண்டு கேளுங்கோ.”

“இஞ்சரும், அதை நான் என்னெண்டு இங்கிலீசிலை கேட்கிறது?”

“ஏன், மெழுகுதிரிக்கு உங்களுக்கு இங்கிலீசு தெரியாதோ?”

கடை அம்மாவுக்கு மொழி விளங்கவில்லை, கோபம் விளங்கியது. போத்திலை வாங்கித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மற்றவர்களுக்குச் சாமான் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் எடுத்துக் காட்டினார். ஓரமெல்லாம் எண்ணெய் இளகியிருந்தது. அக்கா சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் அங்கே கிடந்த அரிசி மூட்டையில் இருந்துவிட்டாராம். போத்திலைச் சமைக்கிற குசினியின் யன்னலில் வைக்கும்படியும், அது தானாகத் தண்ணீராகும் நாளில் குளிர் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும்படியும் அந்த அம்மா அத்தானிடம் இங்கிலீசில் சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுவே சட்டம். வெயில் விழும் குசினி யன்னலில் போத்தில் நிற்கும். எண்ணெய் தானாக இளகும் வரை ஹீற்றரை நிற்பாட்டக் கூடாது. அயல் வீடுகளில் செப்ரெம்பரில் யன்னலைத் திறந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் அதற்குத் தீபாவளி வந்துவிடும்.

“இஞ்சரும், ஊரெல்லாம் அரைக் கால்சட்டையோடை திரியுது. நாங்கள் மட்டும் போறணை அடுப்புக்குள்ளை இருக்கிறம்.”

“என்ரை போத்திலைப் பாத்துப்போட்டுக் கதையுங்கோ.”

ஒரு வருடம் அத்தான் அக்கா எழும்ப முன் எழும்பி, கொதிக்கும் சோற்றுப் பானையின் ஆவியில் போத்திலைப் பிடித்து எண்ணெயை இளக வைத்துவிட்டு, திரும்ப யன்னலில் வைத்துவிட்டார். அக்கா வந்து போத்திலைத் தொட்டார். வெளியே பார்த்தார்.

“மழை பெய்யுது. போத்தில் சுடுது. ஆர் இந்தச் சூரியன்?”

அத்தான் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. அந்த வருடம் ஹீற்றர் ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், கூடுதலாக எரிந்தது. தண்டனை என்று அக்கா சொன்னார்.

அக்கா விரி என்ற இடத்தில் ஒரு பொதிகட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தார். நின்றுகொண்டே செய்யும் வேலை. சென்ற ஆண்டு வயிற்று நோவு தொடங்கியபோது நின்ற களைப்பு என்றார். வைத்தியர்கள் வேறு சொன்னார்கள். இந்தக் குளிர்காலத்தின் நடுவில், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னபின், அக்கா வீட்டுக்குப் போவோம் என்றார். அழவில்லை. தன் மகளின் பள்ளிக்கூடச் சப்பாத்து காலுக்குச் சிறுத்துப்போனதை எனக்கு ஞாபகப்படுத்தினார்.

கட்டிலை வெயில் வரும் அறைக்கு மாற்றி, கால்மாட்டில் ஹீற்றரை வைத்தோம். வீட்டுக்கு வந்து பார்த்த தாதி, அறையைச் சூடாக வைத்திருக்கச் சொன்னார். அக்காவின் வீட்டில் அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹீற்றரின் இரண்டு கம்பிகளும் இரவு பகலாகச் சிவந்தபடி இருந்தன.

ஒரு காலையில் அக்கா, “நிப்பாட்டு,” என்றார்.

“என்னத்தையக்கா?”

“அதைத்தான். எனக்கு வேர்க்குது.”

கையைத் தொட்டேன். ஐஸ் கட்டி. “எண்ணெய் இன்னும் இளகேல்லையக்கா,” என்றேன்.

“அது கிடக்கட்டும். நீ நிப்பாட்டு.”

நிற்பாட்டினேன். அத்தான் வந்து, காய்ச்சலில் சொல்லுகிறா என்று திரும்பப் போட்டார். அக்கா போர்வையைத் தள்ளப் பார்த்தார். தள்ள வலு இல்லை, போர்வை பாதியில் நின்றது. அக்கா ஹீற்றரையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அத்தான் என்னைப் பார்த்தார்.

“நீ சொல்லு. எனக்குத் தெரியேல்லை.”

தாதிக்கு ரெலிபோன் எடுத்தேன். அறை சூடாக இருப்பது நல்லதுதான், ஆனால் அக்காவுக்கு எது ஆறுதல் என்பது பக்கத்தில் இருக்கிற உங்களுக்குத்தான் தெரியும் என்றார். முடிவு திரும்பவும் என்னிடமே வந்தது. சூடு இல்லாவிட்டால் சளி கட்டும், மூச்சு முட்டும், இருக்கும் நாட்களும் குறையும். சூடு இருந்தால் அக்கா அந்தக் கட்டிலில் வெந்துகொண்டு கிடப்பார். இரண்டையும் யோசித்தேன். அதிக நேரம் எடுக்கவில்லை. சுவிட்சை நிற்பாட்டி, வயரையும் கழற்றி, ஹீற்றரைத் தூக்கிக்கொண்டுபோய் உடுப்புத் தோய்க்கும் அறையில் வைத்தேன். கம்பிகள் சாம்பல் நிறமாகி, ஆறும்போது டிக் டிக் என்று சத்தம் வந்தது.

திரும்பி வந்தபோது அக்கா, “இப்ப சரி,” என்றார். பல நாட்களுக்குப் பின் நோவில்லாத முகத்தோடு நித்திரையானார்.

அன்று மத்தியானம்தான் அத்தானின் தமையனார் வந்து, நான் மேலே எழுதிய கேள்வியைக் கேட்டார். நான் சொன்ன மறுமொழி இதுதான்:

“இல்லை பெரியத்தான், படிப்பிலை சொல்லித் தரேல்லை. அக்கா சொன்னவ.”

அவர் கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் பொழுதுபடும் வரை இருந்தார். அதன்பின் வந்த நாட்களில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் இருந்தோம். கோட்டும் காலுறையும் போட்டு நாங்கள் இருக்க, அக்கா ஒரு மெல்லிய துணியோடு கிடந்தார். அவர் போனது ஒரு காலை வேளையில். அத்தான் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்திருந்தோம்.

குளிர்தான் கொண்டுபோனது என்று சொல்பவர்களுக்கு, இல்லை என்று என்னால் நிரூபித்துக் காட்ட முடியாது. அவர் கேட்டார், நான் செய்தேன். அவர் திரும்பக் கேட்டாலும் செய்வேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஐயர் இல்லாத இந்த ஊரில் தேவாரப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிரியைகளை முன்னின்று நடத்தியவர் அத்தானின் தமையனார். அந்த நாட்களில் அவர் இல்லாவிட்டால் நாங்கள் திசை தெரியாமல் நின்றிருப்போம். மரக்கறிதானா என்று இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திச் சமைத்துக் கொண்டுவந்தவர்கள் விரியில் அக்காவோடு வேலை செய்த பெண்கள். தெரு முனைக் கடை அம்மா தங்கள் வழக்கப்படி மெல்லியதாக முடைந்த பாய் ஒன்றைக் கொண்டுவந்து அக்காவின் காலடியில் விரித்து, தங்கள் மொழியில் பாடினார். பாடி முடித்துவிட்டுக் குசினிக்குள் போய்ப் போத்திலைப் பார்த்துவிட்டு வந்தார். இவர்களுக்கும், வந்து இருந்துவிட்டுப் போன உங்கள் எல்லாருக்கும் அத்தானும் மகளும் நானும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இனி ஒரு விடயம். செப்ரெம்பர் பிறந்துவிட்டது. அயல் வீடுகளில் ஹீற்றர்களை நிற்பாட்டி அலுமாரியில் வைக்கிறார்கள். எங்கள் ஹீற்றர் உடுப்புத் தோய்க்கும் அறையில் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லவும் இல்லை. துக்கம் விசாரிக்க வந்த நீங்களும் முன்னறையில் கோட்டைக் கழற்றாமல் இருந்தீர்கள். எனக்குக் குளிர்ந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் கவனிக்கவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மகள் என் மடியில் வந்து இருந்து, “சித்தி, ஐ ஆம் கோல்ட்,” என்றாள். குளிருது என்று தமிழில் சொல்லத் தெரிந்த பிள்ளைதான். தாய் போனபின் அவள் தமிழில் அதிகம் கதைப்பதில்லை. முன்னால் இருந்த அத்தானின் தமையனார் தன் இரண்டு கைகளையும் உரசிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, அதைக் கொண்டுவந்து போடட்டோ?”

அவர் என்னிடம் கேட்டார். அத்தானும் என்னைத்தான் பார்த்தார். மகளை மடியிலிருந்து இறக்கினேன். எழும்பிக் குசினிக்குள் போனேன். யன்னலில் வெயில் விழுந்திருந்தது. போத்தில் வெள்ளையாக இருந்தது.

அன்றைக்கே ஹீற்றரைத் தூக்கிவந்து, துடைத்து, முன்னறையில் வைத்து, சுவிட்சைப் போட்டேன். முதலில் தூசி கருகும் மணம் வந்தது. பிறகு கம்பிகள் சிவந்தன. மகள் விளையாட்டுச் சாமான்களை எடுத்துக்கொண்டு அதற்குக் கிட்டப் போய் இருந்தாள். அத்தான் தன் கோட்டைக் கழற்றிக் கதவில் கொழுவினார்.

இன்று அக்காவின் முப்பத்தொன்றாம் நாளுக்கு வந்து இதைக் கையில் வாங்கியிருக்கும் நீங்களும் கோட்டுகளைக் கழற்றிவிட்டு இருங்கள். வீடு சூடாக இருக்கிறது. எண்ணெய் இன்னும் இளகவில்லை.