பம்பரமும் கமெண்ட் ஷீட்டும்

ஆடைக் கம்பெனியில் என் மனைவிக்கு வைத்திருந்த பட்டப்பெயர் பம்பரம். பாதிதான் பொருத்தம். பம்பரமாவது சுற்றி முடித்தால் ஓரிடத்தில் விழுந்து கிடக்கும். இவள் சாப்பாட்டுக்கு நடுவே எழுந்து போய் ஜன்னல் திரையின் மடிப்பைச் சரிசெய்துவிட்டு வருவாள். நான் நேர் எதிர். பல் செட் செய்வது என் தொழில். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால், யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்லை ராவிக்கொண்டு சாயங்காலம் வரை அசையமாட்டேன். உங்கள் இருவருக்கும் எப்படி ஒத்துப்போகிறது என்று கேட்பவர்களிடம், வீட்டில் ஒருவராவது உட்கார்ந்திருக்க வேண்டாமா என்று சொல்லிவிடுவேன்.

பதினோரு வருஷம் அவள் குழந்தைகளுக்கு உடை வடிவமைத்தாள். ஃபேஷன் டிசைனர் என்றதும் மேடையும் கைதட்டலும் ஞாபகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. அவள் கண்டதெல்லாம் காலர்தான். வரைந்து, வெட்டி, தைத்து சாம்பிள் அனுப்பினால், வாங்குகிற கம்பெனி அதை ஒரு கமெண்ட் ஷீட்டோடு திருப்பி அனுப்பும். கழுத்து கால் அங்குலம் அதிகம், இடது கை ஏறியிருக்கிறது, பொத்தான் தளர்வு என்று வரிசையாகக் குறைகள். சரிசெய்து அனுப்பினால் இன்னொரு ஷீட். அதனால் அவள் இடத்தில் கெட்டிக்காரர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். எதிராளி வாயைத் திறப்பதற்கு முன்னால் தாங்களே குறைகளைக் கண்டுபிடித்து எழுதி, சாம்பிளோடு குத்தி அனுப்பிவிடுவார்கள். ஒரு சுற்று அலைச்சல் மிச்சம். இந்த வித்தையில் என் மனைவியை அடித்துக்கொள்ள ஆளில்லை. என் கல்யாணச் சட்டையின் தோள் தையல் கோணல் என்று கல்யாணமான இரண்டாம் நாளே சொன்னவள். இரண்டு நாள் பொறுத்ததே பெரிய விஷயம்.

ஒருநாள் அவள் தைத்த கவுன் ஒன்றுக்கு விளம்பரப் படம் எடுத்தார்கள். உடையைக் கொண்டுபோனவள் ஓரமாக நின்று பார்த்தாள். கவுனைப் போட்டிருந்த குழந்தையின் முதுகுப் பக்கம் எட்டு கிளிப் போட்டு கவுனை இழுத்துப் பிடித்திருந்தார்களாம். முன்னால் பார்த்தால் அவளே தைக்காத அழகு. விளம்பரம் எழுதுகிறவன் வந்து, இந்த உடையில் என்ன விசேஷம் என்று கேட்டிருக்கிறான். இவள் அரைமணி நேரம் பேசினாள். அவன் நாலு வார்த்தை எழுதிக்கொண்டு போய்விட்டான். அந்தச் சீசனில் கவுனை வாங்கியவர்கள் எல்லோரும் அந்த நாலு வார்த்தையைத்தான் சொன்னார்கள். தையலைப் பற்றி ஒரு ஜீவன் பேசவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஏங்க, நான் படிக்கப் போறேன்."

"என்ன படிப்பு?"

"விளம்பரம். ஒரு வருஷ டிப்ளமோ."

"முப்பத்தாறு வயசுலயா?"

"முப்பத்தேழுல முடிச்சிடுவேன்."

நான் மேலே கேட்பதற்குள் அவளே முடிவையும் சொன்னாள். "படிச்சு முடிக்கறப்ப ஏதாவது ஏஜென்சியில எழுத எடுத்துக்கிட்டா சரி. இல்லன்னா பழையபடி காலருக்கே போயிடறேன். அப்புறம் இதப் பத்தி வாயே திறக்க மாட்டேன்." அந்தக் கடைசி வாக்கியம்தான் உதைத்தது. அவள் வாயைத் திறக்காத வீட்டில் நான் இருந்ததில்லை.

முதல் நாள் அவள் வகுப்புக்குள் நுழைந்ததும், ஆசிரியை வந்துவிட்டார் என்று மொத்த வகுப்பும் எழுந்து நின்றதாம். உட்காருங்கப்பா, நானும் உங்களோடுதான் என்று கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறாள். சிறுசுகள் ஒரு வாரம் ஆன்ட்டி என்றார்கள், பிறகு இரக்கப்பட்டு அக்கா ஆக்கினார்கள். பாடம் சொல்லித்தந்தவரோ இரக்கப்படவில்லை. சோப்புக்கு அவள் எழுதிய விளம்பரத்தைத் திருப்பிக் கொடுத்து, "இதப் படிச்சா ஒருத்தன் சோப்புத் தயாரிச்சிடலாம்மா. வாங்கத்தான் மாட்டான்" என்றார். அதைச் சொல்லிச் சொல்லி அவள் சிரித்தாள், சமையலறைக்குள் போய் அழுதாள். இரண்டும் எனக்குக் கேட்டது.

கடைசிப் பயிற்சிக்கு ஒரு பெட்டிக் கம்பெனி ஆளுக்கொரு சக்கரப் பெட்டி கொடுத்தது. அதற்கு விளம்பரம் எழுதி, ஏஜென்சிக்காரர்கள் முன்னால் காட்ட வேண்டும். பிடித்தால் வேலைக்கு எடுப்பார்கள். மற்றவர்கள் பெட்டியை மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே எழுதினார்கள். இருபது தடவை துவைத்துப் பார்க்காமல் ஒரு துணியைக்கூட நம்பாதவள் என் மனைவி. பெட்டியை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. மூன்றாம் நாள் கீழ்வீட்டு அத்தை என்னைப் படியில் மடக்கினார்.

"தம்பி, எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கணும்பா. அந்தப் பொண்ணு பாவம், தினம் கெளம்பிப் போயிட்டு தினம் திரும்பி வருது."

"அத்தை, அது படிப்புக்காக."

"ஆமா, எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க" என்று அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தக் கட்டடத்தில் அன்று முதல் நான் கொடுமைக்காரக் கணவன்.

ஆறாம் நாள் எங்கள் லிஃப்ட் நின்றுபோனது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் பல் டாக்டர் எனக்கு அனுப்பிய ஆர்டர் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினாள். "நாலாவது மாடி. லிஃப்ட் ரிப்பேர். பரவாயில்லை." நான் சுலபத்தில் எதையும் பாராட்டுகிறவன் இல்லை. அதைப் படித்ததும் எனக்கே ஊருக்குப் போக வேண்டும்போல் இருந்தது.

விளம்பரங்களைக் காட்டும் நாளன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அரங்கத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். மூன்று ஏஜென்சிகளிலிருந்து வந்திருந்தார்கள். பெட்டிக் கம்பெனியின் விற்பனை மேலாளரும் இருந்தார். என் மனைவி தான் எடுத்திருந்த பெட்டியின் படத்தைக் காட்டினாள், அந்த மூன்று வரியைச் சொன்னாள். நரைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு ஏஜென்சி அம்மா முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். ஆச்சு, கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அப்போது என் மனைவி கைப்பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனாள். எனக்குப் பகீரென்றது. கமெண்ட் ஷீட்!

விற்பனை மேலாளர் சத்தமாகவே படித்தார். "குறை ஒன்று. படம் கீழிருந்து எடுத்ததால் பெட்டி உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. குறை இரண்டு. நூறு படிக்குமேல் இடித்தால் இடது சக்கரம் சிக்குகிறது. ஆகவே 'பரவாயில்லை' என்பது முழு உண்மை அல்ல." அரங்கமே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"பெட்டிய விக்கச் சொன்னோமா, கழுவி ஊத்தச் சொன்னோமா?"

"இல்ல சார், சாம்பிளோட ஷீட்டும் வைக்கறது வழக்கம்..."

"யாரு வழக்கம்?"

அவள் தாள்களைத் திரும்ப வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள். மாலையில் ஒட்டிய தேர்வானவர்கள் பட்டியலில் அவள் பெயர் இல்லை. வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. ஜன்னல் திரை கோணலாகத்தான் தொங்கியது. நான் போய் வேண்டுமென்றே இன்னும் கோணலாக்கினேன். அவள் பார்க்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் அந்த நரைமுடி அம்மா போன் செய்து வரச் சொன்னார். நானும் கூடப் போய்க் கீழே நின்றேன். அரைமணியில் இறங்கி வந்தாள்.

"வேலை தர்றாங்க. மத்தவங்க எழுதறதையெல்லாம் வெளிய போறதுக்கு முன்னாடி குறை பாக்கற வேலை."

"அடி சக்கை! உனக்குன்னே செஞ்ச வேலையாச்சே."

"வேணாம்னுட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கிடைத்த வேலையை வேண்டாம் என்கிறாயே, உனக்கென்ன பைத்தியமா என்று தெருவென்றும் பார்க்காமல் கத்தினேன். அவள் நிதானமாகச் சொன்னாள். "பதினோரு வருஷம் அதத்தாங்க செஞ்சேன். எழுதத்தான் வந்திருக்கேன்னு சொன்னேன். உடனே அந்தம்மா அலமாரியிலேர்ந்து இதை எடுத்துக் குடுத்தாங்க. நாளைக்கு இதுக்கு ஒண்ணு எழுதிட்டு வரணுமாம். ஷீட் இல்லாம." கையில் ஒரு பூட்டு இருந்தது. அந்த ஏஜென்சியின் வாடிக்கையாளர் ஒருவர் விற்கிற பூட்டு.

அன்று மாலை முழுக்க எங்கள் வீட்டில் பூட்டுச் சத்தம்தான். வாசல் கதவு, அலமாரி, என் டிபன் பை வரைக்கும் பூட்டினாள். பூட்டுவாள், இழுத்துப் பார்ப்பாள், திறப்பாள், மறுபடி பூட்டுவாள். நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். காலையில் ஒரே ஒரு தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அதில் ஒரு வரிதான்: "இழுத்துப் பார்க்க வேண்டாம்." பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்காமல் நகர்ந்த மனிதர் உலகத்தில் உண்டா? எனக்குப் புல்லரித்தது.

இந்தத் தடவையும் நான் கீழேதான் நின்றேன், பத்தே நிமிஷம். மாடிப்படியில் மெதுவாக இறங்கி வந்தாள்.

"எடுத்துக்கிட்டாங்க. எழுதறதுக்கே. திங்கக்கிழமை வரச் சொன்னாங்க."

நான் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினேன். கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

"வேற ஏதாவது சொல்லணுமான்னு அந்தம்மா கேட்டாங்க. ஒண்ணும் இல்லன்னுட்டேன்."

"சரியாத்தானே சொன்னே?"

"நேத்து இருநூறு தடவைக்கு மேல இழுத்துப் பாத்தேங்க. ஒரு தடவை திறந்துக்கிச்சு."

சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் அவளை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாகவும் இருந்தது. இருநூறில் ஒண்ணுதானே, விடு என்று முணுமுணுத்தேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"குறை பாக்கற வேலையத்தான் வேணாம்னுட்டேனே, இனிமே திருப்பி அனுப்ப ஆளில்லைங்க. நான் எழுதினா அப்படியே வெளிய போயிடும்."