இடது கையின் தாங்கல்

எழுபதுகளில் மெல்பேர்னில் யாழ்ப்பாணத்தவர் நாங்கள் நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு இருந்த வீட்டில் அவனும் ஒருவன். மெலிந்த, நெடிய ஆள். ஒரு பேஸ்போல் அணிக்குப் பந்து எறிந்துகொண்டிருந்தவன், முழங்கையில் காயப்பட்டு ஒரு வருடம் விளையாடாமல் இருந்தான்.

எதைக் கொடுத்தாலும் வலது கையை நீட்டி, முழங்கையின் கீழே இடது கையை ஏந்தித்தான் வாங்குவான். கோயிலில் திருநீறு வாங்குவது போலவே சோற்றுக் கோப்பையையும் வாங்குவான். இந்தக் குளிர்நாட்டுக்கு வந்தும் மரியாதை மறக்காத பிள்ளை என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம்.

அவன் திரும்ப விளையாடவிருந்த சனிக்கிழமை காலை குசினிக்குள் போனேன். மேசையில் இருந்த தேநீரைத் தானே எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தான். கொடுப்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை. அப்போதும் இடது கை வலது முழங்கையைத் தாங்கியிருந்தது.

“இன்னும் நோகுதோ?” என்று கேட்டேன்.

“கோச்சிட்டச் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை. இண்டைக்கு எறியாட்டி இனி என்னைக் கூப்பிடமாட்டினம்.”

“எறிஞ்சா?”

“எறிஞ்சா கை போயிடும். அது எனக்குத் தெரியும்.”

மைதானத்துக்கு நானும் கூடப் போனேன். அணியின் கோச் பந்தை நீட்டினார். அவன் அதே மாதிரிக் கை ஏந்தி வாங்கினான். அந்த வெள்ளைக்காரர் சிரித்தபடி என் பக்கம் திரும்பி, இது உங்கள் ஊர் மரியாதையா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஓம் என்று தலையாட்டினேன்.

இன்றைக்கும் யாராவது அப்படிக் கை ஏந்தி வாங்கினால், நான் முதலில் அவர் முகத்தைத்தான் பார்க்கிறேன்.