அட்டை போட்ட கடைசி அத்தியாயம்

ஒரு தொடர்கதையை இப்படி அடுத்தவர் உயிரை வாங்கிக்கொண்டு படித்த மனுஷியை என் அத்தைக்கு அப்புறம் நான் பார்க்கவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பாவின் தங்கையான அவள், கல்யாணமான ஒரு வருஷத்தில் கடையநல்லூரிலிருந்து ஒரு பெட்டியோடு சங்கரன்கோவிலுக்குத் திரும்பி வந்துவிட்டாள். மாமா அடித்தாரா என்றால் இல்லை. குடித்தாரா, அதுவும் இல்லை. "அங்கன உனக்கு என்னட்டி குறை?" என்று அப்பா தினமும் கேட்பார். "சொல்லத் தெரியல அண்ணே" என்பாள். அப்பாவுக்கு மண்டை காய்ந்துவிடும். சட்டையை மாட்டிக்கொண்டு கோவில் மண்டபத்து வேதாந்த வகுப்புக்குக் கிளம்பிவிடுவார். தன்னை அறிவது எப்படி என்று அங்கே ஆறு மாதமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பு முடிந்து வந்ததும், "என் கண்ணாடிய எங்க வச்சேன்?" என்று எங்களைக் கேட்பார்.

எனக்கு வேறு எரிச்சல். என் பாயில் பாதியை அத்தை பிடித்துக்கொண்டாள். போதாததற்கு அந்தத் தொடர்கதை. வாரப் பத்திரிகையிலிருந்து அம்மா கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து வைத்திருந்தது. புருஷன் வீட்டைவிட்டு வந்துவிட்ட ஒருத்தியின் கதை. அத்தை ஒரு பக்கம் படிப்பாள், மடியில் கவிழ்த்துவைப்பாள், "ஏட்டி, இவ ஏன் அவன்கிட்ட ஒண்ணுமே சொல்லாம வந்தா?" என்று என்னைக் கேட்பாள். ஏழாம் வாய்ப்பாட்டோடு மல்லுக்கட்டுகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது?

ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போவதாக மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. அப்பா உற்சாகமாகப் பூவும் பழமும் வாங்கி வைத்தார். சனிக்கிழமை மத்தியானம் அத்தை தைத்திருந்ததன் கடைசித் தாளுக்கு வந்தாள். முடிவைக் காணோம். அரிசிப் பானைக்கு அடியில்கூடத் தேடினாள்.

தைக்காமல் கிடந்த அந்தக் கடைசி அத்தியாயத்தை எடுத்துக் கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டது நான்தான். நோட்டைப் பைக்குள் ஒளித்துவைத்தேன். ஆனால் அவள் புலம்பல் தாங்கவில்லை.

"அவ திரும்பிப் புருஷன்கிட்டயே போயிருதா அத்தை. அவ்வளவுதான்" என்றேன்.

"இருக்காது. அவளை எனக்குத் தெரியும்."

கோபம் தலைக்கேறிவிட்டது. நோட்டைக் கொண்டுவந்து அட்டையைப் பிரித்து அவள் முன்னால் போட்டேன். சோற்றுப்பசை காய்ந்திருந்த தாளை நீவி நீவி இரண்டு தடவை படித்தாள். புருஷன் வாசலில் நிற்கிறான், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகிறாள், முற்றும்.

"எழுதுனவருக்கு இவளைத் தெரியல" என்றாள் அத்தை. "அங்கன போனா, இவ யாருன்னு இவளுக்கே மறந்திரும்."

அச்சில் இருப்பதையே தப்பு என்கிறவளிடம் என்னத்தைப் பேச?

மறுநாள் மாமா வந்தார். பாவம், எனக்கு அல்வாப் பொட்டலம்கூட வாங்கிவந்திருந்தார். அத்தை பெட்டியைத் தொடவில்லை. அப்பா அவளை அடுப்படிக்குக் கூப்பிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அங்கே என்னதான் குறை என்ற அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை அவளுக்குச் சொல்லத் தெரிந்தது.

"அங்கன போனா நான் யாருன்னு எனக்கே மறந்துபோவுது அண்ணே. நான் போகல."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். ஆறு மாதம் வேதாந்தம் கேட்ட மனுஷர், மாமாவுக்கான காப்பியைத் தானே எடுத்துக்கொண்டு வெளியே போனார். மாமா காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலம் அப்பா வகுப்புக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை, அட்டையில்லாத நோட்டுக்காக டீச்சர் என்னைப் பெஞ்சில் ஏற்றி நிறுத்தினார். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். கதையில் வந்தவளுக்காகச் சொன்ன வார்த்தையை வெட்கமில்லாமல் தனக்கென்று எடுத்துச் சொல்லி, அத்தை அப்பாவை ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே மணி அடிக்கும்வரை நின்றேன்.