ஷைலாக்கா தைத்த காக்கிப் பை

அண்ணனூரில் நாங்கள் குடியிருக்கும் காம்பவுண்டுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு வீட்டிலிருந்து பலகாரத்தோடு வந்த தட்டு வெறுமையாகத் திரும்பிப் போகக்கூடாது. தீபாவளிக்கு எங்கள் வீட்டு அதிரசத்தோடு ஷைலாக்கா வீட்டுக்குப் போகும் எவர்சில்வர் தட்டு, கிறிஸ்மஸுக்கு அச்சு முறுக்கும் கேக்கும் சுமந்துகொண்டு திரும்பி வரும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

இந்த வருடம் அது நடக்கவில்லை. ஜூன் மாதம் ஷைலாக்காவின் கணவர் அந்தோணிராஜ் இறந்துபோனார். திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் வேன் ஓட்டியவர். ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு டீ சொல்லியிருக்கிறார். டீ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாவு விழுந்த வருடம் ஷைலாக்கா வீட்டு வழக்கப்படி வாசலில் ஸ்டார் கட்டமாட்டார்கள், பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். மற்ற வீடுகள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அம்மா தீபாவளிக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே அடுக்கிக் கொடுத்தாள். பக்கத்து போர்ஷன் ரசாக் பாய் வீட்டிலிருந்து பிரியாணி தூக்கில் போனது. தட்டும் தூக்கும் கழுவித் துடைத்து வைத்தபடி ஷைலாக்காவின் தையல் மெஷின் பக்கத்திலேயே இருந்தன. தைக்கும்போதெல்லாம் அவர் கண் அங்கேதான் போகும்.

"குடுக்கிற ஊடா இருந்தோம் கண்ணு," என்றார் ஒருநாள். "இப்ப வாங்கிக்கினே கீறோம். ஒருதபா வாங்குற ஊடுன்னு பேர் வந்துட்ச்சினா அப்பறம் மாத்தவே முடியாது."

பேக்கரியில் வாங்கி நிரப்பிக் கொடுக்க அவரிடம் வசதியில்லை. இப்போது ரவிக்கை தைத்து வருவதுதான் வருமானம். வசதி இருந்தாலும் வாங்கியிருக்கமாட்டார். கடைப் பலகாரம் கொடுத்தால் கடைக்காரன் கொடுத்த மாதிரிதான் என்பது அவர் கட்சி. அதனால் கையால் எதையாவது தைத்துத் தட்டில் வைத்துக் கொடுப்பது என்று முடிவெடுத்தார்.

நான் பட்டம் வாங்கி அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்டர்வியூ இன்டர்வியூவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த நேரம். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவள் பகலில் சும்மா உட்கார்ந்திருப்பது எங்கள் வீட்டுக்கே ஒரு மாதிரி இருந்தது. ஷைலாக்காவுக்கு உதவி செய்யப் போனேனா, அம்மாவின் பார்வையிலிருந்து தப்பிக்கப் போனேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

போனில் வீடியோக்கள் காட்டினேன். பாட்டிலுக்குப் பெயின்ட் அடிப்பது, காகிதத்தில் தேவதை செய்வது. அவர் சிரித்துவிட்டார்.

"இத்த வெச்சிகினு உங்கம்மா இன்னா பண்ணும்? ரெண்டு நாள் பாத்துட்டு பரண் மேல தூக்கிப் போடும். நான் குடுக்கிறது தெனமும் கையில பொழங்கணும்."

பை என்று தீர்மானமானது. முதலில் ரவிக்கை லைனிங் துண்டுகளை ஒட்டுப்போட்டு ஒன்று தைத்தார். உருளைக்கிழங்கு போட்டுத் தூக்கிப் பார்த்தோம். அடி விட்டுவிட்டது. கொஞ்ச நேரம் அந்தக் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்துபோய் பீரோவைத் திறந்தார். அந்தோணியண்ணனின் காக்கிச் சட்டைகளை எடுத்து வந்தார்.

அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. ஒவ்வொரு சட்டையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காலரும் முழங்கையும் நைந்திருந்தன. முதுகு கெட்டியாக இருந்தது. கத்தரிக்கோலை வைத்து ஒரே நேராக வெட்டினார். வேனில் சில்லறை போட்டுப் போட்டு அண்ணனின் பாக்கெட் அடிக்கடி ஓட்டையாகும். அக்கா அடியில் இரட்டைத் தையல் போட்டு வைத்திருந்தார். அந்தப் பாக்கெட்டுகளை மட்டும் பிரித்தெடுத்து, ஒவ்வொரு பையின் வெளிப்பக்கத்திலும் வைத்துத் தைத்தார்.

கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து பைகளைக் கொடுக்கக் கிளம்பினார். முதலில் ரசாக் பாய் வீடு. மெக்கானிக்கான அவர் பையை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"அந்தோணி சட்டையாம்மா? ஆளு மாரியே துணியும் பலம்." சொல்லிவிட்டு அப்போதே ஸ்பேனர்களை அதில் போட்டுக்கொண்டார்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் ஷைலாக்கா எங்கள் வாசலுக்கு வந்தார். அம்மா நிலைக்கு உள்ளே நின்று தட்டை வாங்கிப் பையை விரித்தாள். பாக்கெட்டைத் தடவிய கை நின்றது.

"இன்னாடி இது, அந்தோணி சட்ட மாரி கீது?"

"அவுர்துதாங்க்கா. நல்ல துணி, வீணாப் போவுதேன்னு..."

அம்மா பையைப் படிக்கு வெளியே நீட்டினாள். "தப்பா நெனச்சுக்காத ஷைலா. தை பொறந்தா பெரியவன் விஜய்க்குப் பொண்ணு பாக்கணும். செத்தவங்க துணிய ஊட்டுக்குள்ள வெக்கிறது எங்க பழக்கத்துல ஆவாது."

ஷைலாக்காவின் முகம் வெளுத்தது. "தெரியாதுக்கா. எங்க மாமியார் செத்தப்ப அவங்க பொடவைய மருமவளுங்க நாங்க பங்குபோட்டுக் கட்டிகினோம். ஆசீர்வாதம்னு சொல்வாங்க." பையை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார். தட்டு அம்மா கையில் வெறுமையாக இருந்தது. "தட்டக் குடுக்கா. வேற எதுனா வெச்சி நாளிக்கி எட்தாறேன்."

"தட்டுதானே, இருக்கட்டும் உடு," என்றாள் அம்மா.

அம்மா அன்பாகத்தான் சொன்னாள். பையைத் திருப்பிக் கொடுத்ததைவிட அந்த 'இருக்கட்டும்'தான் ஷைலாக்காவை அடித்தது. சட்டம் அவருக்கு மட்டும் தள்ளுபடியாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"ஒரு பைக்காக இன்னாமா நீ?" என்றேன்.

"நீ படிச்சவ, உனுக்கு எதுவும் ஒட்டாது. எனுக்கு ஒட்டும்." அம்மா வெறும் தட்டைத் துடைத்தாள். "உங்கப்பா அடிபட்டுக் கெடந்தப்ப அவன் வண்டிலதான் ஆஸ்பத்திரிக்கித் தூக்கிகினு போனோம். எனுக்கு மட்டும் ஆசையா?"

இருவர் செய்ததிலும் தப்பு எங்கே என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதன்பின் அம்மா அந்தத் தட்டைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாகவே இருந்தாள்.

கிறிஸ்மஸ் அன்று காலை வாசலில் டங்கு டங்கென்று சத்தம். எங்கள் கதவுக்கு வெளியே, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் அம்மா அம்மிக் குழவியால் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். அடித்து முடித்துக் குரல் கொடுத்தாள்.

"ஏ ஷைலா! அந்தப் பைய எட்தா."

ஷைலாக்கா கதவைப் பாதி திறந்தார். "வேணாங்க்கா. விஜய்க்கி நல்லது நடக்கட்டும்."

"எட்தான்றேன். உள்ள கொண்டாந்தாத்தான ஆவாது? பால்காரன் பாக்கெட் போட்ற பை எப்பவும் வெளியதான தொங்குது. அதுவும் கிழிஞ்சி எத்தினி நாளாவுது."

ஷைலாக்கா தயங்கித் தயங்கிக் கொண்டுவந்து பையை ஆணியில் மாட்டினார். பாக்கெட் வெளிப்பக்கம் தெரியும்படி திருப்பிவிட்டார். அம்மா உள்ளே போய் அதே தட்டில் கேசரியும் வடையும் அடுக்கிக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தாள்.

"பொங்கலுக்குள்ள தட்டு வரணும். வெறும் தட்டா வந்துச்சு, தொலச்சிடுவேன் உன்ன."

எண்ணெய்ச் சட்டி வைக்க முடியாத வீட்டிலிருந்து பொங்கலுக்கு என்ன வரும் என்று நான் நினைத்தேன். ஷைலாக்கா அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தட்டைச் சாய்க்காமல் பிடித்தபடி, ஜூனுக்குப் பிறகு முதல்முறையாக எங்கள் முன்னால் அழுதார்.

மறுநாள் காலையில் பையில் பால் பாக்கெட்டுகள் இருந்தன. மீதிச் சில்லறையைப் பால்காரர் அந்தக் காக்கிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுவிட்டுப் போயிருந்தார்.