குச்சி வைத்த ஸ்டார்ட்டர்

நான் எட்டாவதோடு நின்றவள். காந்தத்தைப் பற்றித் தெரிந்துகொண்டது தக்காளிக் காட்டால்தான். அதுவும் மோட்டாரைக் கருக்கிய பிறகு.

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு ஏக்கர். போர்வெல் தண்ணீர்தான். வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, காடு என் பொறுப்பு. போன சித்திரையில் தக்காளி பூவெடுத்து நின்றது. அந்த நேரத்தில் தண்ணீர் தவறினால் பூ கொட்டிவிடும். அப்புறம் செடி இருந்தும் பிரயோஜனமில்லை.

மோட்டாருக்கு வேண்டிய த்ரீ பேஸ் கரண்ட் காலையில் கொஞ்ச நேரம் வரும். வந்ததும் ஓடிப்போய் மோட்டாரை ஓடவிடும் ஸ்டார்ட்டர் பெட்டியில் பச்சைப் பொத்தானை அமுக்குவேன். டப்பென்று பிடிக்கும். மோட்டார் ஓடும். தண்ணீர் இரண்டு பாத்தி தாண்டுவதற்குள் ஸ்டார்ட்டர் உறுமிப் பிடியை விட்டுவிடும், மோட்டார் நின்றுவிடும். மறுபடியும் ஓடணும், அமுக்கணும். ஒரே காலையில் ஒன்பது தடவை. அந்தப் பெட்டியை மண்வெட்டியால் போடலாமா என்று இருந்தது.

பக்கத்துக் காடு கொழுந்தனாருடையது. வரப்பில் நின்று சிரித்தார்.

"என்ன அண்ணி, ஓட்டப் பந்தயத்துக்குப் பேரு குடுத்திருக்கீங்களா?"

"ஸ்டார்ட்டரு கெட்டுப் போச்சு தம்பி. நிக்க மாட்டேங்குது."

"அது கெடலீங்க. உள்ள ஒரு இரும்புத் தட்டு இருக்கும், அது விழுந்தா மோட்டாரு நின்னுரும். அதுக்கு ஒரு குச்சியக் குடுத்து நிறுத்துங்க. எங்க காட்டுல ரெண்டு வருசமா குச்சிதான் மோட்டாரு ஓட்டுது."

இங்கே பாதிப் பேர் செய்வதுதான். நானும் செய்தேன். கரண்ட் இல்லாத நேரம் மூடியைக் கழற்றி, தட்டு விழாமல் காய்ந்த வேப்பங்குச்சியை அண்டக் கொடுத்து, சைக்கிள் டியூப்பைக் கிழித்துக் கட்டினேன். கரண்ட் வந்ததும் மோட்டார் தானே ஓடியது. இரண்டு நாள் நிம்மதி.

மூன்றாம் நாள் குழாயில் தண்ணீர் நின்றது. பெட்டியில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

ஆளைக் கூப்பிட்டு போரிலிருந்து மோட்டாரைத் தூக்கி, பாலக்கோட்டில் மோட்டாருக்குக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டுபவரிடம் கொண்டுபோனேன். பிரித்தார். உள்ளே செம்புக்கம்பி முழுக்கக் கரி. முகர்ந்து பார்த்தார்.

"குச்சி வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"ஒத்துக்கிட்டது நீங்க ஒருத்தருதாங்க."

கடையில் எனக்கு முன்னால் ஏழு மோட்டார் கிடந்தது.

"ஸ்டார்ட்டரு ஏன்ணா விட்டு விட்டுப் போச்சு? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

அவர் ஒரு ஆணியில் செம்புக்கம்பியைச் சுற்றி இரண்டு முனையையும் பேட்டரியில் வைத்தார். ஆணி ஒரு பெரிய நட்டைத் தூக்கியது. கம்பியை எடுத்தார், நட்டு விழுந்தது. பிறகு தீர்ந்துபோன பேட்டரியில் வைத்தார். நட்டு அசையவே இல்லை.

"ஸ்பீக்கருக்குள்ள இருக்கிற காந்தம் எப்பவும் காந்தம். இது கரண்ட் ஓடுற வரைக்குந்தான். உங்க ஸ்டார்ட்டருக்குள்ளயும் இப்பிடி ஒரு காயிலு இருக்குது, அதுதான் தட்டப் புடிச்சிருக்கும். வோல்டேஜ் எறங்கினா பலம் போயி வுட்டுரும். வுடணும்னுதான் வெச்சிருக்கான்."

"மோட்டாரு மட்டும் ஓடுச்சே?"

"அதுவும் காயிலுதாங்க. உள்ள காந்தம் சுத்திச் சுத்தி வரும், அதுதான் தண்டைத் திருப்பும். வோல்டேஜ் கம்மின்னா தம் கட்டி அதிகமாக் கரண்டு இழுக்கும். சூடாயிடும். வேண்டாம்னு ஸ்டார்ட்டரு கைய எடுத்துச்சு. நீங்க கட்டிப் போட்டுட்டீங்க."

மோட்டாரை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். இரண்டு வருடமாகக் குச்சியில் ஓடுகிறது என்றாரே கொழுந்தனார், அவர் மோட்டார் ஏன் கருகவில்லை? என்னுடையது மட்டும் ஏன்?

மோட்டார் எட்டாம் நாள் வந்தது. குச்சியை எடுத்தெறிந்து, மூடியைப் போட்டு இறுக்கி, பச்சைப் பொத்தானை அமுக்கினேன். வோல்டேஜ் அப்படியேதான். விட்டது, அமுக்கினேன். விட்டது, அமுக்கினேன். போர் பக்கத்தில் இருந்த பத்துப் பாத்தி தேறியது. மேட்டுப் பக்கம் பூவெல்லாம் மண்ணில் கிடந்தது.

அந்தச் செடிகளைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டேன். மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.